குதிரை நிக்குதா?

தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் விடியும்போதே ஒரு கேள்வி இருக்கும். ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணியிடம் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஃபெக்டரியில் நேற்றைய கொழுந்து எவ்வளவு என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டது வேறு கேள்வி. துரை பங்களாவின் பின்கதவைத் திறந்துகொண்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நிற்பார்.

"அந்தோனி, குதிரை நிக்குதா?"

"நிக்குதுங்க தொரை."

அவ்வளவுதான். இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் தேத்தண்ணியை வாயில் வைப்பார். மழையோ பனியோ, தேர்தலோ திருவிழாவோ, நான் அந்த பங்களாவில் இருந்த காலம் முழுக்க எங்கள் காலை இப்படித்தான் விடிந்தது.

இப்போது அந்த பங்களா ஹோட்டலாகிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றி வலம் வர இரண்டு மட்டக்குதிரைகள் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். "அங்கிள், குதிரை நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்ம பையன்களுக்கு ரெண்டு வார்த்தையில சொல்லிக் குடுங்க" என்றான். ரெண்டு வார்த்தையா! எனக்கு வந்ததே கோபம். "தம்பி, அதச் சொல்லணும்னா மேஜர் கதைய முழுசாச் சொல்லணும். கேக்க நேரம் இருக்கா?" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தான். வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. என் அப்பா நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளுக்குப் புல் அறுத்தவர். நான் அவர் பின்னால் போய் லத்தி அள்ளினேன், பிறகு தண்ணீர் காட்டினேன், பிறகு குளம்பு சுத்தம் செய்தேன். இரண்டு தடவை உதை வாங்கினேன், ஒரு தடவை விலா எலும்பு முறிந்தது. மீசை முளைத்தபோது நானும் ஒரு குதிரைக்காரன். இடையில் சில வருடங்கள் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்து தேயிலைக்கு மருந்தடித்தேன், கூடைப் பாரம் நிறுத்தேன், எதிலும் மனம் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் துரை என்னைக் கூப்பிட்டார்.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுச் சிங்களவர்தான். பல தோட்டங்களில் பெரிய துரையாக இருந்து ஓய்வு பெற்று, பொகவந்தலாவைக்கு மேலே சொந்தமாக ஒரு சின்னத் தோட்டம் வாங்கியவர். தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார், திட்டும்போது இன்னும் வேகம். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கொழும்பில். மனுஷனுக்கு உலகத்தில் ஆசை என்று இருந்தது குதிரை ஒன்றுதான்.

நான் போனபோது பங்களாவில் லில்லி என்ற வெள்ளைப் பெண்குதிரை இருந்தது. அது வளர்ந்த கதையைவிட செத்த கதைதான் இங்கே முக்கியம். ஒரு நாள் காலையில் லாயத்தைத் திறந்தால் லில்லி படுத்துக் கிடக்கிறது. வயிறு உப்பிப் போய், வாயில் நுரை. சுவரெல்லாம் குளம்பு அடித்த தடம். இரவு முழுக்கப் புரண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. வந்த மிருக டாக்டர், "இது வயிற்று வலி. படுத்துப் புரண்டதில் குடல் முறுக்கிவிட்டது. படுத்தவுடன் எழுப்பி நடக்க வைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்" என்றார். துரை அந்தக் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அப்படி ஒரு மனுஷன் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அழுகையில் இருந்துதான் சட்டம் பிறந்தது. அடுத்து மேஜர் வந்தது. பந்தயத்தில் ஓடிக் கால் தேய்ந்து, இனி ஓடாது என்று விற்ற செவலைக் குதிரை. நெற்றியில் நீளமாக வெள்ளை. லொறியில் இருந்து அது இறங்கிய அன்றே துரை என் தோளைப் பிடித்துச் சொன்னார்.

"அந்தோனி, இந்தக் குதிரை என் லாயத்துல படுக்கக் கூடாது. படுத்தா எழுப்பு. நீ தூங்கினாலும் உன் காது தூங்கக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க தொரை."

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். லாயத்தில் வைக்கோல் மெத்தை போடுவதை நிறுத்தினோம். கல் தரைக்கு மேலே கொஞ்சம் மரத்தூள் மட்டும். தலைக்கயிற்றை நெஞ்சு உயரத்தில் இருந்த வளையத்தில் குட்டையாகக் கட்டுவேன். அது தலையைத் தாழ்த்தலாம், புல் தின்னலாம், ஆனால் முட்டி மடக்கிப் படுக்க முடியாது. பக்கத்து அறையில்தான் என் கட்டில். சுவரில் உடம்பு உரசும் சத்தம் கேட்டால் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் தட்டுவேன். "ஹோய் மேஜர், எழும்பு!" பகலில் பங்களாப் புல்வெளியில் மேய விடும்போதும் அதே தகரம் என் கையில். வெயில் சுகத்தில் முன்னங்கால் மடங்கினால் போதும், தகரம் பேசும். அது பதறி நிமிர்ந்து நிற்கும்.

சும்மா சொல்லக் கூடாது, சீக்கிரமே கற்றுக்கொண்டது. சில மாதங்களில் கயிறு தேவைப்படவில்லை. பிறகு தகரமும் தேவைப்படவில்லை. நான் வருவதைக் கண்டால் போதும், கழுத்தைத் தூக்கி, நாலு காலையும் நேராக ஊன்றி, காது இரண்டையும் முன்னே வைத்து நிற்கும். சிப்பாய் மாதிரி. பெயருக்கு ஏற்ற நிலை என்று துரை பூரித்துப் போவார். விருந்தாளிகள் வந்தால் லாயத்துக்குக் கூட்டி வந்து காட்டுவார். "பத்து வருஷமா இது படுத்து யாரும் பாத்ததில்ல. கேளுங்க அந்தோனிய!" நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டுவேன். அதன் விலாவில் ஒரு சாணிக் கறை, ஒரு சேற்றுப் பொட்டு கிடையாது. மற்றக் குதிரைக்காரர்கள் காலையில் கறை தேய்த்து நாறிக்கொண்டிருப்பார்கள். என் குதிரை விடியும்போதே கண்ணாடி. எனக்குக் கொஞ்சநஞ்சத் திமிர் இல்லை!

அது விழத் தொடங்கியது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் பிரஷ் போடும்போது ஒரு தடுமாற்றம். நின்றபடி தலை மெல்லத் தொங்கும், கண் சொருகும், திடீரென்று முன்முட்டி இரண்டும் மடங்கி மூக்கு தரையைத் தொடப் போகும். உடனே திடுக்கிட்டு எழும்பிவிடும். வயசாகுது என்று நினைத்தோம். பிறகு அது அடிக்கடி வந்தது. முன்னங்கால் கணுவில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஒரு தடவை நான் குளம்பு பார்க்கக் குனிந்திருந்தபோது என் மேலேயே சரிந்தது. மாதா புண்ணியத்தில் உருண்டு தப்பினேன்.

டாக்டர்கள் வந்தார்கள். இதயம் என்றார் ஒருவர். நரம்பு என்றார் இன்னொருவர். நாங்களும் அது படுக்காது என்பதைப் பெருமையாகத்தான் அவர்களிடம் சொன்னோம், நோயாகச் சொல்லவில்லை. கடைசியில் வந்தவர் துரையைத் தனியாகக் கூப்பிட்டு, இது ஒரு நாள் ஆளைக் கொன்றுவிடும், ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் தர்மம் என்றார். துரை அன்று முழுக்க வராந்தாவில் இருந்து அசையவில்லை.

அதே சமயத்தில் அவருக்கும் உடம்பு முடியாமல் போனது. மகள் கொழும்புக்குக் கூப்பிட்டுக்கொண்டார். பங்களா ஹோட்டல்காரர்கள் கைக்குப் போனது. எனக்கும் வயசு தாண்டிவிட்டது, கொட்டகலையில் என் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவு. மேஜரை என்ன செய்வது? நுவரெலியாவுக்கு வெளியே மஹ்ரூப் நானா என்று ஒருவர், வேலை முடிந்த குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்க்கும் குதிரைப் பட்டி நடத்துகிறார் என்று தெரியவந்தது. துரை சொன்னார்:

"அங்க ஒரு மாசம் வெச்சுப் பாப்போம் அந்தோனி. அங்கயும் விழுந்துச்சுன்னா டாக்டர அனுப்புறேன். இதுக்கு மேல அத வதைக்க நமக்கு உரிமை இல்ல."

நான் பார்த்தே விழுகிற குதிரை, யாரோ ஒருத்தர் கையில் விழாமல் இருக்குமா? அனுப்புவது பட்டிக்கு இல்லை, ஊசிக்குத்தான் என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

ஒப்படைக்கும் நாள் நானும் லொறியில் ஏறினேன். வட்டகொடை தாண்டும்வரை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நானாவின் இடம் ஒரு ஈரப் புல்வெளி, சுற்றிலும் மூங்கில் வேலி, மேலே ரோட்டோரம் தேயிலை. ஏழெட்டுக் குதிரைகள் சேறும் சகதியுமாக நின்றன. ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த மட்டக்குதிரைகள்தான் அதிகம். ஒவ்வொன்றின் விலாவிலும் சேறு காய்ந்து கிடந்தது. இதுதான் பார்த்துக்கொள்ளும் இலட்சணமா?

நானாவுக்கு என்னைவிட வயது குறைவு. நானா என்றால் முஸ்லிம் பேச்சில் அண்ணன்; ஊரே அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் நானா. பொறுமையான ஆள். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கொள்ளு எவ்வளவு ஊற வேண்டும், கரட்டை எப்படி நீளமாக வெட்ட வேண்டும், இடது பக்கமாகத்தான் கிட்டப் போக வேண்டும், எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் மேஜரின் கணுக்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, இது படுக்குமா?"

"எங்க மேஜரா? படுக்குறதா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்த நாளையில இருந்து நின்ன நெலதான் நானா. படுத்தா ஒடனே எழுப்பிருங்க, அது தொரையோட கட்டளை. இந்தாங்க தகரம்."

நானா தகரத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அந்தப் புண்ணைப் பார்த்தார்.

"நாங்க பாத்துக்குறோம் அண்ணே. ஒரு மாசத்துக்கு மட்டும் நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. புது எடம் பழகட்டும்."

வராதே என்கிறாரே! இத்தனை வருஷம் அதன் மூச்சுச் சத்தத்திலேயே கண்ணயர்ந்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, "யாரும் தவறிட்டாங்களா ஐயா?" என்று கேட்டாள்.

கொட்டகலையில் அந்த மாதம் எப்படிப் போனது என்று என் மகளைக் கேட்டால்தான் தெரியும். சாப்பிட்டது நினைவில்லை. ஞாயிறு தவறாமல் கொழும்பில் இருந்து துரை போன் எடுப்பார். குதிரை என்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதே கேள்வி. "அந்தோனி, குதிரை நிக்குதா?" நானும் எனக்குத் தெரியாததையே சொல்வேன். "நிக்கும்ங்க தொரை." கடைசி ஞாயிறு அவர் வேறு மாதிரிப் பேசினார். "புதன்கிழமை மத்தியானம் டாக்டர் அங்க போவார். என் வார்த்தைக்காகக் காத்திருப்பார். நீ முன்னாடியே போய்ப் பாத்துச் சொல்லு. நீ சொல்றதுதான்."

நான் சொல்வதுதான்! அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு புதன் காலையில் நுவரெலியா பஸ் ஏறினேன்.

பட்டியின் கேட்டில் கை வைத்தேன். மேஜரைத் தேடினேன். நிற்கிற குதிரைகளில் அது இல்லை. அப்புறம் கண்ணில் பட்டது. புல்வெளியின் நடுவில், செவலை உடம்பு, பக்கவாட்டில் முழுசாகச் சரிந்து, நாலு காலும் நீட்டி, கழுத்தும் தலையும் தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் தலைமாட்டில் ஒரு கிழட்டு மட்டக்குதிரை அசையாமல் நின்றது.

டாக்டர் முன்னாலேயே வந்துவிட்டார். துரையின் வார்த்தைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. முடித்துவிட்டார்கள். அடப்பாவிகளா! கேட்டைத் திறந்தேனா தாண்டினேனா தெரியாது, சேற்றில் ஒரு செருப்பு போனது, மற்றதை நானே உதறினேன். லில்லி கிடந்த கிடை கண்ணுக்குள் வந்தது. ஓடினேன், விழுந்தேன், எழும்பி ஓடினேன். "மேஜர்! டேய் மேஜர்! மாதாவே, என் புள்ளையக் கொன்னுட்டாங்களே!"

கிட்டப் போனதும் இன்னொரு அதிர்ச்சி. அதன் முன்னங்கால் துடித்தது. உதடு நடுங்கியது. மூடிய இமைக்குள் கண் உருண்டது. உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அதன் கழுத்தில் கை வைக்கக் குனிந்தேன். பின்னால் இருந்து நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சத்தம் போடாதீங்க அண்ணே! அது தூங்குது!"

"தூங்குதா?"

"தூங்குது அண்ணே. கனவு காணுது. பாருங்க, கனவுலயும் ஓடுது."

நானா மெல்லிய குரலில் சொன்னார்: "குதிரெ நின்டுகிட்டு தூங்கும்னு செல்றது கோழித்தூக்கம் அண்ணே. அசந்து தூங்கணும்னா படுக்கத்தான் வேணும். தனியா இருந்தா அதுக்கும் பயம், படுக்காது. இன்னொன்னு பக்கத்துல நின்னு காவல் பாக்கணும். எங்களுக்கும் இது தெரியாது. ஒரு டாக்டரம்மா வந்து செல்லிக் குடுத்தாங்க. இது வந்த மொத ரெண்டு வாரம் விழுந்திச்சி. அப்புறம் ஒரு நாளு இந்தக் கெழவி பக்கத்துல போய்ப் படுத்திச்சி பாருங்க... அதுக்கப்புறம் விழவே இல்ல."

நான் கேட்டேன். "அப்ப... இத்தன காலம் அது விழுந்தது?"

"தூக்கம் அண்ணே. தூக்கம் தாங்காமத்தான்."

கடவுளே! இதயமும் இல்லை, நரம்பும் இல்லை. தூக்கம். நான் பக்கத்து அறையில் போர்வைக்குள் சுகமாகக் குறட்டை விட்ட காலமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அது கண் மூட முடியாமல் நின்றிருக்கிறது. அது தன்னையறியாமல் சரிந்தபோதெல்லாம் நாங்கள் டாக்டரைக் கூப்பிட்டோம். இன்று மத்தியானம் அந்தத் தூக்கத்துக்காகத்தான் அதைக் கொல்லப் போகிறோம்.

அந்த நேரம் மேஜர் கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது.

அதை எப்படி எழுதுவேன்! பதறியடித்து எழும்பியது. முன்கால், பின்கால், ஒரே உந்தலில். கழுத்தைத் தூக்கி, நாலு காலையும் நேராக ஊன்றி, காதை முன்னே வைத்து நின்றது. விலா முழுக்க ஈரச் சேறு. அந்தப் பழைய சிப்பாய் நிலை. நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே நிலை. கண் இரண்டும் தூக்கத்தில் சொருகுகிறது, இமையை விரித்து விரித்து என்னையே பார்க்கிறது. தலை மெல்லத் தாழ்ந்தது. முன்முட்டி மடங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தது. என் முன்னால் அது படுக்காது.

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அதைத் தொடக்கூட இல்லை. திரும்பி, வெறுங்காலோடு, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு ஏறிவிட்டேன். மேலே இருந்து பார்த்தேன், அது இன்னும் நான் போன பக்கமே பார்த்துக்கொண்டு விறைத்து நின்றது. சட்டென்று தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இந்த வயசில், என் குதிரைக்கு ஒளிந்து!

கிளைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூறல் பிடித்தது. அந்தக் கிழட்டு மட்டக்குதிரை போய் அதன் பக்கத்தில் நின்றது. மேஜர் ஒரு சுற்றுச் சுற்றியது, தரையை முகர்ந்தது, முட்டியை மடக்கியது. அப்போது பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. துரை.

"அந்தோனி, குதிரை நிக்குதா?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு பதில் சொன்னேன். "இல்லீங்க தொரை. படுத்திருச்சு."

"லில்லி மாதிரியா?"

"இல்லீங்க. தூங்குது. இத்தன வருஷமும் அதுக்குத் தூக்கம்தாங்க தொரை. சீக்கு ஒண்ணும் இல்ல. நாமதான் அதத் தூங்க விடல. டாக்டர வர வேணாம்னு சொல்லிருங்க."

பிறகு துரையின் குரல் வந்தது, கிழவரின் குரல். "நீ ஏன் ரகசியமாப் பேசுற?"

"சத்தம் கேட்டா எழும்பிருமுங்க தொரை."

"அப்ப பேசாத" என்றார். "எழுப்பிராத அந்தோனி." அதையும் ரகசியமாகத்தான் சொன்னார், கொழும்பில் இருந்துகொண்டு.